ஒன்பதாவது தடவை

1998 செப்டம்பர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். நான்கு நாளாக அடித்துக்கொண்டிருந்த கச்சான் காற்று அன்று காலை ஒன்பது மணியோடு நின்றுவிட்டது. வானம் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்போல் வெளுத்துக் கிடந்தது. மழை இல்லை. தங்கச்சிமடத்தில் நான் வேலை பார்த்த ஐஸ் பேக்டரியின் வாசலில் மூன்று தென்னை மரங்கள் உண்டு, மூன்றிலும் ஒரு கீற்றுகூட அசையவில்லை. இதையெல்லாம் இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததை இதுவரை பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதில் ஏழு பேர், காற்றில் வயர் ஆடியிருக்கும், வெயிலில் உங்களுக்குத் தலை சுற்றியிருக்கும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். காற்று இல்லை. நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படிப்பு, அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் வயர்மேன் வேலை. சுடுகாட்டு மோட்டாருக்கே தனியாகப் போய் கனெக்ஷன் கொடுத்திருக்கிறேன், இரண்டு முறை. பூஜ்யம் என்றால் பூஜ்யம், இருநூற்று முப்பது என்றால் இருநூற்று முப்பது, இடையில் ஆவிக்கு இடமில்லை என்று பேசிக்கொண்டு திரிந்தவன். இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. பொய் சொல்லிச் சம்பாதிக்க ஒன்றும் மிச்சமில்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.

முதலில் மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர். அதிலிருந்து சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு வயர் வரும், வயரின் முனையில் ஊசி. ஊசியால் கம்பியைத் தொட்டால் கண்ணாடியில் எண் விழும். கரண்டு இருந்தால் 230க்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் எண், இல்லையென்றால் பூஜ்யம். எங்கள் ஐஸ் பேக்டரியில் சுவரெல்லாம் ஈரம், ஈரமெல்லாம் உப்பு. அங்கே சாதாரண டெஸ்டரை எங்கே வைத்தாலும் விளக்கு எரியும். அதனால் மீட்டரை மட்டுமே நம்புவேன். மீட்டரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கரண்டு இல்லாவிட்டாலும் பூஜ்யம் காட்டும், தான் கெட்டுப்போனாலும் பூஜ்யம்தான் காட்டும். அதற்காக ஒரு முறை வைத்திருந்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் மூன்று தடவை தொட வேண்டும். முதலில் கரண்டு இருக்கும் பிளக்கில் தொட்டு மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு கம்பியைத் தொடுவது, மறுபடி பிளக்கில் தொட்டு அதற்குள் மீட்டர் செத்துப்போகவில்லையே என்று பார்ப்பது. மோட்டாருக்கு மூன்று கம்பி. மூன்றும் மூன்றும் மூன்றும் ஒன்பது. ஒன்பது முடியாமல் எவனையும் பெட்டிக்குள் கை வைக்க விட்டதில்லை.

திங்கட்கிழமை, செப்டம்பர் 14, காலை பத்தே கால். ஐஸ் தொட்டியில் உப்புத் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் நின்றுபோனது. அதன் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிரித்து உள்ளே கரண்டைச் சேர்க்கும் தேய்ந்த செப்புக் கட்டைகளை மாற்ற வேண்டும். மாற்றப் போகிறவன் செல்வராசு, நாற்பத்தொரு வயது, எங்கள் பிட்டர். கடலாடிப் பக்கம் என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன், மச்சான் முறை. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். மெயின் சுவிட்சை இறக்கினேன். சுவிட்சுக்குள் கரண்டை வெட்டிவிடும் மூன்று செப்புக் கத்திகளில் மூன்றாவது மட்டும் உருகி ஒட்டிக்கொண்டு கீழே வரவே இல்லை என்பது மூடியிருந்த இரும்புப் பெட்டிக்கு வெளியே தெரியவில்லை.

முதல் கம்பிக்கு மூன்று தடவை. இரண்டாவது கம்பிக்கு மூன்று. மூன்றாவது கம்பிக்குப் பிளக்கில் 231, கம்பியில் பூஜ்யம். அந்த நேரம் வாசலில் இருந்து முதலாளி, "படகெல்லாம் வந்து நிக்குது, இன்னும் எம்புட்டு நேரம்யா" என்று கத்தினார். திரும்பி, "பத்து நிமிசம்" என்று பதில் சொன்னேன். மறுபடி செல்வராசைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

இடது கை பெட்டிக்குள் போனது. வலது கை பெட்டியின் இரும்பு மூடியைப் பிடித்திருந்தது. கரண்டு அவனை உதறவில்லை, பிடித்து வைத்துக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. ரப்பர் செருப்பு இரண்டும் தண்ணீரில் நழுவிக் கழன்று ஓட, வெறுங்காலோடு நின்று துடித்தான். கறி கருகும் வாடை வந்தது. ஐஸ் தூக்கும் மரச் சட்டம் பக்கத்தில் சாத்தியிருந்தது. அதை எடுத்து அவன் தோளில் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது, கை விட்டது, அவன் தலை தரையில் மோதிக் கீழே கிடந்தான். பதினோரு வினாடி. உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. உயிரும் இல்லை.

போலீஸ் வந்தது. விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன். முதலாளியிடமும் ஒன்பது என்றேன். செல்வராசின் மனைவி காலடியில் உட்கார்ந்தும் ஒன்பது என்றேன். படி ஏறினால் படியை எண்ணுகிறவன், சோற்றில் கல் வந்தால் கல்லை எண்ணி ஓரமாக வைக்கிறவன் நான். ஆனால் அந்த ஒன்பதாவது தடவை, முதலாளிக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி மறுபடி பிளக்கைத் தொட்டேனா, எவ்வளவு யோசித்தாலும் அந்த எண் மட்டும் கண்ணில் வரவில்லை. எட்டு எண்ணும் வந்தன. மூன்று ராத்திரி படுத்துக்கொண்டு எட்டையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவது வரவில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். இரண்டு இருபதுக்குச் செல்வராசின் அண்ணன் கருப்பையா மொபெட்டில் வந்து இறங்கினான். அவர்களுக்குக் கடலாடிக்குத் தெற்கே பன்னிரண்டு ஏக்கர் மிளகாய்க்காடு. உரச்சாக்கில் சுற்றி எதையோ எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தான். பிரித்தான். அரிவாள்.

"உக்காரு மச்சான்" என்றான். என் அறையில் என்னையே உட்காரச் சொன்னான்.

உட்கார்ந்தேன்.

"கரண்டு அடிச்சா தோள்பட்ட எலும்பு எப்பிடி ஒடியும்?"

"நான்தான் அடிச்சேன். அவன் கைய விடுவிக்கச் சட்டத்தால அடிச்சேன்."

"எத்தன அடி?"

"நாலு."

"எண்ணிக்கிட்டே அடிச்சிருக்க." சிரித்தான். "போலீசுல ஒம்பது தடவ மீட்டர் வெச்சுப் பாத்தேன்னு சொன்னியாம்ல."

"ஆமா."

"ஒம்பது தடவ பாத்தும் என் தம்பி செத்துருக்கான். ஒன்னு இந்த மிசினு பொய் சொல்லியிருக்கணும், இல்ல நீ சொல்லியிருக்கணும். மிசினு பொய் சொல்லும்னா என் கண்ணு முன்னால ஒருக்கச் சொல்லச் சொல்லு பாப்போம். அஞ்சு மணி வரைக்கும் இங்கனதான் இருக்கேன்."

"அஞ்சு மணிக்கு மேல?"

"மணி பாத்துத்தான் சாவியாக்கும்" என்றான்.

விட்டுவிட்டு வரும் பழுது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் சனியன். ஒரேயடியாகக் கெட்டுப்போன கருவியை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நூறு தடவையில் ஒரு தடவை மட்டும் தவறுகிற கருவி, பழுது பார்க்க உட்கார்ந்ததும் யோக்கியமாகிவிடும். நான் செய்ததெல்லாம் அந்தப் பழுதை வரவழைக்கும் வேலை. பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்தேன், சுருக்கென்றது, நல்ல பேட்டரி.

"என்ன, தின்னு பாக்குறியா?" என்றான் கருப்பையா.

பிளக்கில் ஊசியைச் செருகி வைத்துக்கொண்டு சிவப்பு வயரை மீட்டர் பக்கத்தில் நாற்பது தடவை வளைத்தேன். 229, 230, 229. ஊசிப் பக்கத்தில் நாற்பது. கறுப்பு வயருக்கும் அதேபோல் நாற்பதும் நாற்பதும். நடுவில் இருக்கும் குமிழை இருபத்தைந்து தடவை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். மீட்டரைப் பாலிதீன் பையில் போட்டு ஐஸ் கட்டிமேல் ஐந்து நிமிடம் வைத்தேன், குளிரில் உள்ளே ஈயப்பற்று விலகினால் பழுது வெளியே வரும். வரவில்லை. கம்ப்ரசர் தலைமேல் வைத்துச் சூடாக்கினேன். வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இருபத்தைந்து தடவை தட்டினேன். ஒவ்வொரு பத்துக்கும் கருப்பையா ஒரு தீக்குச்சியை மேஜையில் வைத்துக்கொண்டே வந்தான். அவனும் எண்ணுகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று ஐம்பதுக்கு இருபத்தொரு குச்சி.

"இருநூத்திப் பத்து" என்றான். "உன்னைய மாதிரி இல்ல மச்சான். யோக்கியமான மிசினு."

அப்போது ஆரோக்கியம் உள்ளே வந்தான். கம்ப்ரசர் ஓட்டுகிறவன், தங்கச்சிமடத்துக்காரன், படகு வைத்திருக்கும் குடும்பம். ஜன்னலுக்கு வெளியே நின்று இவ்வளவு நேரமும் கேட்டிருக்கிறான். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, அந்த ஊசிக்கு நான் கிரீஸ் தடவுனேண்ணே."

"எப்ப?"

"சனிக்கிழம சாயங்காலம். எல்லா இரும்புக்கும் தடவுனேன். அதுக்கும் தடவுனேன். மீட்டர்ல வயர் சொருகுற ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் வெச்சேன்."

கடற்கரைக்காரர்கள் எவரும் இதைத்தான் செய்வார்கள். கடலுக்குப் போய்வந்த எந்த இரும்பையும் கிரீஸோ டீசலோ தடவாமல் வைக்க மாட்டார்கள், இரண்டே நாளில் உப்பு தின்றுவிடும். மறுநாள் ஞாயிறு, கோயிலுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் துடைத்துத் தடவி வைப்பது அவன் வீட்டு வழக்கம். நல்லது செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறான். கிரீஸ் கரண்டை விடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு, தரையில் பட்ட அழுக்கு என்று நினைத்து ஊசியையும் ஓட்டையையும் துணியால் துடைத்தது நான்தான். ஐஸ்மேல் வைத்ததும் சூடாக்கியதும் துடைத்த ஊசியோடு.

கிரீஸ் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு ஊசிக்கும் தடவி, ஓட்டையிலும் வைத்துப் பிளக்கில் தொட்டேன். 231. 230. 231. பதினாறு தடவை சரியாகக் காட்டியது. பதினேழாவது தடவை பூஜ்யம். பதினெட்டும் பூஜ்யம். பத்தொன்பதாவது 231.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, சந்தோஷத்தில். நான் தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆரோக்கியத்தை நினைக்கவே இல்லை.

கருப்பையா நினைத்தான். எழுந்து ஆரோக்கியத்தின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அவன் முகத்தை மேஜையில் மோதினான். தீக்குச்சிகள் சிதறின. மறுபடி மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கிரீஸ் டப்பாவின் மூடிமேல் வழிந்தது. மூன்றாவது தடவை மோதிவிட்டுக் கழுத்தை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் அரிவாளை எடுத்தான்.

"மெழுகி வெச்சியாடா. என் தம்பிக்குக் குழி மெழுகி வெச்சியா."

"அண்ணே, மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே" என்று ஆரோக்கியம் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "நீங்க ஒம்பது தடவ பாப்பீங்கல்லண்ணே. எப்பவும் பாப்பீங்கல்ல."

என் ஒன்பது தடவைக் கணக்கு ஆரோக்கியத்துக்குத் தெரிந்திருந்தது. கடைசித் தடவை பிளக்கில் தொட்டிருந்தால் மீட்டர் செத்துக்கிடப்பது தெரிந்திருக்கும், கிரீஸ் யாரையும் கொன்றிருக்காது.

கையில் ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்தால் அரிவாள் இறங்காது என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. "இரு கருப்பையா, இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசிகளைப் பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைத்து, குமிழை ஓம் பக்கம் திருப்பினேன். அது கம்பி எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் இடம். இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டேன், ஏறக்குறைய பூஜ்யம், வயர் நன்றாக இருக்கிறது. விலக்கி மேஜையில் வைத்தேன். இடது ஓரத்தில் தனியாக ஒரு '1' வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று என்று அதற்கு அர்த்தம்.

அந்த '1' போய் 1640 என்று வந்தது.

கிலோ ஓமில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. மேஜை ஈரம் என்று நினைத்தேன். ஊசிகளை எடுத்துச் சுவரில் இருந்த மரப்பலகையில் இரண்டு ஆணிகளில் தனித்தனியாகத் தொங்கவிட்டேன், இரண்டுக்கும் நடுவில் முக்கால் அடி இடைவெளி, முனைகள் காற்றில். ஆடவில்லை. 900. 640. 310. இறங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது என்னவென்று தெரியும். இரண்டு ஊசி முனையையும் இரண்டு கை விரலால் பிடித்தால் இப்படித்தான் எண் விழும். லேசாகப் பிடித்தால் பெரிய எண், இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க எண் குறையும். வேலை கற்றுக்கொள்ளும்போது எல்லாரும் விளையாட்டாகச் செய்து பார்ப்பதுதான். யாரோ பிடித்து மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊசிகளின் பக்கத்தில் ஆள் இல்லை.

"என்னது அது?" என்றான் கருப்பையா. அரிவாள் தூக்கியபடியே இருந்தது.

"ஆரோ பிடிச்சிருக்காங்க."

"ஆரு?"

"ஆரும் இல்ல."

குமிழைத் திருப்பித் திருப்பி அந்த எண்ணை நான் துரத்திக்கொண்டு போனேன். எண்பது, ஈரக் கை என்றால் அவ்வளவு வரும். இருபத்திரண்டு, வேர்த்து ஊறிய கை. அதற்குக் கீழே உயிருள்ள மனிதன் கை போகாது, தோல் தடுத்துவிடும். கடைசி இடத்துக்குத் திருப்பினேன். 1104 என்று காட்டியது. வெறும் ஓம், ஆயிரத்து நூறு. ஒரு கையில் இருந்து மறு கை வரைக்கும் தோல் என்று ஒன்று இல்லாவிட்டால் மனித உடம்பு அவ்வளவுதான் தடுக்கும்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கருப்பையா என் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அவன் கை ரெண்டும் வெந்துபோயிருந்துச்சு" என்றான்.

ஆரோக்கியம் மேஜையில் கிடந்தபடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் முடிவு தெரியாவிட்டால் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று மனதில் நினைத்து எடுப்பது. கல்யாணம், வழக்கு, கிணறு எல்லாவற்றுக்கும் அதுதான். கருப்பையா அதையேதான் செய்தான். மீட்டரைப் பார்த்து, எதிரில் நிற்கிறவனிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"ஏலே செல்வராசு. அண்ணன் கேக்குறேன்டா. உன்னையக் கொன்னது ரெண்டுல ஆரு? வயர்மேன்னா கைய விட்டுரு. கிரீஸ் வெச்ச இவன்னா இறுக்கிப் பிடி."

1104. 1040. 990. எண் குறைந்தது. இறுகியது. 930. 905.

"சரிடா" என்றான் கருப்பையா. ஆரோக்கியத்தின் சட்டைக் காலரைக் கீழே இழுத்துப் பிடரியைத் தெரியும்படி செய்தான். அரிவாள் தலைக்குமேல் போனது.

870.

"எட்டு" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எட்டுத் தடவதான் பாத்தேன். மொதலாளி கூப்புட்டாரு, பதில் சொன்னேன், ஒம்பதாவது தடவ பாக்கல. பாத்திருந்தா மீட்டரு கெட்டுக் கெடந்தது தெரிஞ்சிருக்கும். அவனை விடு."

தைரியத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குத் தைரியம் கிடையாது. கரப்பான்பூச்சிக்கே பயப்படுவேன். ஒரு தப்பான கணக்குக்கு ஒருவன் கழுத்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சொல்லி முடித்ததும் நான் மீட்டரைத்தான் பார்த்தேன். 870 போய் இடது ஓரத்தில் '1' வந்தது. வெறும் காற்று. கை விட்டுவிட்டது.

கருப்பையா அதைப் பார்க்கவில்லை. ஆரோக்கியத்தை உதறிவிட்டு மேஜையைச் சுற்றி இரண்டே எட்டில் வந்து என் கழுத்துக்கு வீசினான். இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினேன். கையில் யாரோ குச்சியால் அடித்தது போலத்தான் இருந்தது, வலி இல்லை. மேஜைமேல் தீக்குச்சிகளுக்கு நடுவில் என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடந்தன. அரிவாள் மேஜைப் பலகைக்குள் மூன்று அங்குலம் இறங்கி நின்றது. ரத்தம் சட்டையெல்லாம் தெறித்தது. அவன் அரிவாளைப் பிடுங்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்று, விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் நான்கு நாற்பது.

ஆரோக்கியம்தான் உடைந்த மூக்கோடு என் விரல்களைப் பொறுக்கி ஐஸ் போட்டுத் தூக்குச்சட்டியில் வைத்தான். கருப்பையா தன் துண்டைக் கிழித்து என் கையைக் கட்டினான். கட்டும்போது அழுதான். அவனே கார் பிடித்து ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனான். விரலை ஒட்டும் வசதி அங்கே இல்லை, மதுரைக்குப் போவதற்குள் நேரம் கடந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். இவ்வளவு பத்திரமாக ஐஸில் வைத்து யாருமே விரல் கொண்டுவந்தது இல்லை என்றும் சொன்னார். மோட்டார் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று எழுதச் சொன்னேன். கருப்பையாமேல் கேஸ் கிடையாது. குணமாகி வந்ததும் முதலில் போலீஸுக்குப் போய் என் வாக்குமூலத்தை எட்டு என்று திருத்தச் சொன்னேன். பைலை மூடியாயிற்று, போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். பிறகு செல்வராசின் மனைவியிடம் போய் எட்டு என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதாமாதம் மணியார்டர் அனுப்பினேன், அதைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் நானும் கருப்பையாவும் பேசிக்கொள்ளவில்லை. 2007 செப்டம்பரில் செல்வராசின் மகளுடைய கல்யாணப் பத்திரிகையோடு கருப்பையாவே கடலாடிக்கு என் வீட்டுக்கு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, "அவசியம் வரணும் மச்சான். இதோட பணம் அனுப்புறத நிப்பாட்டிரச் சொல்லுச்சு அவன் பொண்டாட்டி" என்றான். காப்பி குடித்தான். போகிற மாதிரி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் உன் கைக்கு வீசல."

"தெரியும். கழுத்துக்கு வீசுன."

"கழுத்துக்குத்தான் வீசுனேன். நீ கையத் தூக்குனதுனால தப்பிச்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்க. ஒத்தக் கைய ரெண்டாப் பொளந்துட்டுக் கழுத்துக்குப் போற வீச்சு அது. கருவேல மரம் வெட்டுற கை. ஆரோ என் மணிக்கட்டப் பிடிச்சுக் கீழ இழுத்துட்டாங்க மச்சான். ரெண்டு கையும் போட்டுப் பிடிச்சாங்க. சூடா இருந்துச்சு. ஈரமா இருந்துச்சு."

வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் தழும்பு இல்லை, நிறமாற்றம் இல்லை, முடி முளைத்த சாதாரணத் தோல். நான் கேட்காமலே, "ஒன்னும் தெரியாது, எல்லா டாக்டரும் பாத்தாச்சு. வேர்வ பட்டா மட்டும் எரியும்" என்றான்.

அந்த மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூட அது தவறிக் காட்டவில்லை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து வந்தேன். அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இடது மணிக்கட்டை வேட்டி நுனியால் துடைத்து இரண்டு ஊசியையும் வைத்தேன். 410 கிலோ ஓம், விவசாயி தோல், காய்ந்த தோல். வலது மணிக்கட்டைத் துடைத்து வைத்தேன். எண் இறங்கியது. குமிழைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன், கடைசி இடத்துக்கு வந்தேன். எண்ணூற்று எழுபத்திரண்டு. வெறும் ஓம். நல்ல தோலை, முடியோடு, என் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மீட்டர் அங்கே தோல் இல்லை என்கிறது. அந்த இடத்தின் ஓரத்தைத் தாண்டி மேலே நகர்த்தினால் நானூறு கிலோ. கீழே நகர்த்தினால் நானூறு கிலோ. நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இல்லை. ஒன்பது தடவை வைத்துப் பார்த்தேன், ஒன்பதும் எண்ணூற்று அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில்.

"என்ன காட்டுது?" என்றான்.

"ஒன்னுமில்ல. பேட்டரி தீந்துபோச்சு" என்றேன். அவன் போனபிறகு மீட்டரைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் காருக்கும் 6,340 ரூபாய். மணியார்டர் மாதம் முன்னூறு வீதம் நூற்றெட்டு மாதத்துக்கு 32,400. எனக்கு ஆன மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய், பதினேழு தையல், இரண்டு விரல்.